தரையில் கேட்ட தாளம்

செருப்பை மூலையில் கழற்றிவிட்டு, உள்ளங்காலைக் கணுக்காலில் இரண்டு தேய்ப்புத் தேய்த்த பிறகுதான் அக்கா பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டுவாள். ரசிகப் பிள்ளைகள் அதை ஏதோ கலகம் என்று நினைத்துத் தாங்களும் காலணியைக் கழற்றி வீசுவார்கள். "காலுக்கும் கொஞ்சம் காத்து வேணாமா?" என்று சிரித்து மழுப்புவாள்.

ஐம்பதை நெருங்குகிறாள். ஊருக்கே அக்கா. பகலெல்லாம் பாட்டில் தொழிற்சாலையில், ஓடும் பெல்ட்டில் வரும் கண்ணாடி பாட்டில்களில் கீறல் பார்த்து ஒதுக்குகிற வேலை. ஒன்றோடொன்று இடித்து அவை போடும் கூச்சல் மாலைவரை ஓயாது. மாலையில் அவளே தேடிப்போகும் கூச்சல் வேறு. பங்க் இசை இரண்டே நிமிடத்தில் கத்திவிட்டுக் கதவைச் சாத்தும். ப்ராக்ரஸிவ் ராக் தாளத்தை மாற்றி மாற்றி அரைமணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பும். அக்காவின் குழு இரண்டையும் ஒரே பாட்டுக்குள் குடிவைத்தது. "கோவக்காரனுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா பொறக்கற புள்ளதான் எங்க பாட்டு" என்பாள்.

பாடுகிறவள் தங்கை. டிரம்ஸ் வாசிப்பவன் தங்கையின் கணவன். அக்காவுக்கு அவன் "மாப்ள", அவனுக்கு அவள் "அண்ணி".

முன்பெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பாள். இப்போது மூடுவதில்லை. மற்றவர்களின் உதடுகளைப் பார்த்தாக வேண்டும். காது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. மிச்சமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதைத் தங்கையிடம்கூட அவள் சொல்லவில்லை. பெற்றவர்கள் போனபின் தாயாக நின்று வளர்த்தவளாயிற்றே, எந்த வாயால் சொல்வாள்? அவர்கள் ஒத்திகை பார்த்த மரக்கடை மாடியில் பலகைத் தரை. மாப்பிள்ளை டிரம்ஸ் பெடலை மிதித்தால் பலகை அதிரும். அதிர்வு உள்ளங்காலில் ஏறும். அதுவே அவளுக்குக் காது.

அந்த மாடியை இடித்துவிட்டார்கள். புதிதாகப் பிடித்த அறையில் சுவருக்குச் சுவர் தடித்த கம்பளம். காலை வைத்ததுமே அக்காவின் முகம் செத்துவிட்டது.

அவர்களுடைய நீளமான பாட்டின் நடுவே எல்லாரும் சட்டென்று நிறுத்துவார்கள். ஏழு எண்ணிக்கை மௌனம். மாப்பிள்ளையின் பெடல் மட்டும் மெல்ல எண்ணும். பிறகு எல்லாரும் ஒன்றாக வெடிக்க வேண்டும். அக்கா முந்திக்கொண்டு தனியாக வெடித்தாள். மறுபடி வாசித்தார்கள், இம்முறை பிந்தினாள்.

"என்ன அண்ணி, பாட்டில் கம்பெனிக் கனவா?" என்றான் மாப்பிள்ளை, சிம்பல் தட்டுக்குப் பின்னாலிருந்து. முகம் மறைந்திருந்தது. அக்கா திரும்பவில்லை. "அண்ணி!" என்று கத்தினான். தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கை மைக்கை விட்டு வந்து அவள் தோளைத் தொட்டாள். "எத்தன நாளாக்கா?"

அக்கா அந்த உதடுகளைப் படித்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "ரெண்டு வருஷம் ஆச்சுடி. மரத் தரை காப்பாத்திச்சு. இனிமே என்னால உங்க பேரு கெட வேணாம். வேற ஆளப் பாத்துக்கோங்க." கிட்டாரின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு, "நான் ஒரு முட்டாள்" என்றான். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

தங்கை கம்பளத்தில் உட்கார்ந்து, முழங்கால் வரை இழுத்துக் கட்டிய தன் பூட்ஸ்களின் கயிற்றை அவிழ்த்தாள். கழற்றிய பூட்ஸை அக்காவின் செருப்புப் பக்கத்தில் வைத்தாள். ஒயரை வாங்கி மறுபடி செருகினாள். மைக்கை இழுத்து அக்காவை ஒட்டி நிறுத்தினாள்.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. மௌனம் வந்தது. தங்கை தன் வெறுங்காலை அக்காவின் பாதத்தின்மேல் வைத்து, மெல்ல அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது அழுத்தத்தில் அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.