இருட்டாத அமாவாசை

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, பாரிமுனையில் கப்பல் சரக்கு எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கும் எங்கள் மகள், என் விசைப்படகை ஓட்டும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அப்புறம் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த டிராவல்ஸ் பாய். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசல் வரைக்கும் வந்து, பாயைப் பார்த்ததும் "அப்பால வரேன்" என்று திரும்பிவிட்டாள். அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் அவள் காதில் என்ன விழுந்ததோ என்ற கவலை எனக்கு அன்று முழுக்க இருந்தது.

பாய் வந்தது எங்கள் நார்வே பயணம் விஷயமாக. அந்த நாட்டின் வடகோடியில் இருட்டு வானத்தில் பச்சை வெளிச்சம் ஒன்று, கொடியில் உலர்த்தின சேலை மாதிரி அசையும். துருவ ஒளி என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'பச்சை' என்றுதான் பேர். அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் என் மனைவி.

அவள் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றவள். போன வருஷம் ஒரு நாள், ஐம்பது ரூபாய் மீதி தர வேண்டிய இடத்தில் ஐந்நூறைத் தந்துவிட்டாள். வாங்கினவர் நல்ல மனுஷர், திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி ஆனது. இந்தத் தடவை வாங்கினவர் போனவர் போனவர்தான். "கண்ணு முன்னால முடி மெதந்துகினே கீது" என்றாள். டாக்டர் சர்க்கரை என்றார். கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, மாதா மாதம் ஊசி போட்டு இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார். வலது கண் ஏற்கெனவே பாதிக்கு மேல் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் செல்போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்து எதையோ தேடி, என் பக்கம் நீட்டினாள். பச்சை ஆடிக்கொண்டிருந்தது.

"இத்த நேர்ல பாக்கணும்யா. கண்ணு கீறசொல்லவே பாக்கணும்."

"கண்ணைக் காப்பாத்தற வழியப் பாப்பமா, ஊர் சுத்தற வழியப் பாப்பமா?"

"காப்பாத்தி இன்னாத்த பாக்கறது, உன் மூஞ்சியவா? அத்ததான் இருவத்தாறு வருசமா பாத்துகினு கீறேனே."

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதில் மட்டும் காலேஜ் வரைக்கும் போனவன் என்று மச்சான் சொல்வான். படகு கடலில் இருந்தால் காற்றைப் பற்றிக் கவலை, கரையில் இருந்தால் கட்டின கயிற்றைப் பற்றிக் கவலை. நார்வே என்றதும் எனக்குப் பழைய கவலையெல்லாம் சின்னதாகிவிட்டது. பாஸ்போர்ட் போட்டோவில் என் ஒரு காது சரியாக விழவில்லை, அதற்காகப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ. விசா ஆபீசில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் என்ன செய்வது. பேங்கில் பணம் காட்டச் சொல்வார்களாம். எங்கள் பணம் ஏலக்காரர் கையிலிருந்து டீசல்காரர் கைக்கும் ஐஸ்காரர் கைக்கும் போகிற பணம், பேங்கு வாசலை அது மிதித்ததே இல்லை. கண்ணில் ஊசி போட்டவள் விமானத்தில் ஏறலாமா. அந்தக் குளிரில் அவள் முழங்கால் என்ன ஆகும். எனக்குத் தெரிந்த ஒரே குளிர் படகில் மீன் போடும் ஐஸ் ரூம்தான்.

"அப்ப ஐஸ் ரூம்ல எறங்கி ஒரு மணி நேரம் குந்து மாமா" என்றான் மச்சான். "வஞ்சரத்தோட வஞ்சரமா பழகிக்கோ."

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சாயங்காலம், ஆட்கள் எல்லாரும் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து இறங்கி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை. மேலே ஏறி வரும்போது, அங்கே ஏறி வர ஏணி எங்கே இருக்கும் என்று புதுசாக ஒரு கவலையும் கூட வந்தது.

இப்படி எல்லாவற்றுக்கும் பயந்தவன், தேதிக்கு மட்டும் பயப்படவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்களுக்கு வருஷத்தில் ஒழிகிற காலம் ஒன்றுதான். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, ஆபரேஷன், எதுவானாலும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துக்கொள்வோம். நல்லது கெட்டது எதற்கும் "தடைக்காலம் வரட்டும்" என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. அதனால் பாய் "எப்ப போறீங்க?" என்று கேட்டபோது நானும் மச்சானும் சேர்ந்தே சொன்னோம், "தடைக்காலத்துல."

அதற்குள்ளும் எந்த நாள் என்பதை நானே முடிவு செய்தேன். நிலா இருந்தால் வானத்தில் சின்ன வெளிச்சம் எதுவும் எடுபடாது என்று கடலுக்குப் போனவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காலண்டரை எடுத்து, மே மாத அமாவாசையை நடுவில் வைத்து, முன்னே பின்னே நாள் போட்டுக் கொடுத்தேன். "இருட்டு கும்முனு இருக்கும் பாய்" என்றேன். பாய் அசந்துபோனார். அவர் மெக்காவுக்கு உம்ரா யாத்திரைக்கும் மலேசியாவுக்கும் ஆள் அனுப்புகிறவர், அவ்வளவு வடக்கே அவர் அனுப்பப் போவது எங்களைத்தான் முதலில். "அண்ணாத்தே, நீங்க சொல்றதுக்கு மேல நான் இன்னா பாக்கப்போறேன்" என்று அப்படியே எழுதிக்கொண்டார். முன்பணமும் கொடுத்துவிட்டோம்.

மனைவிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பச்சை எந்த நேரத்தில் வரும் என்று தெரியாதாமே, நாம் தூங்கிவிட்டால் யார் எழுப்புவார்கள்? பாய் அதை அங்குள்ள ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டிருந்தார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதில் வந்திருக்கிறது என்று செல்போனும் கையுமாக வந்தார். நான் முதலில் சொன்ன அந்த நாள் அதுதான்.

"நீயே படிச்சு சொல்லிடும்மா" என்று போனை என் மகளிடம் கொடுத்தார். "எனக்கு மொத வரிக்கு மேல ஓடல."

மகள் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"நைனா, எழுப்பறோம்னுதான் போட்டுக்கீறாங்க. ஆனா மே மாசத்துல எதுக்கு எழுப்பணும்னு கேக்கறாங்க."

"ஏன், எழுப்பறதுக்குத் தனியா துட்டு கேக்கறாங்களா?"

"அது இல்ல. மே மாசம் அங்க ராத்திரியே இருட்டாதாம். மாசப் பாதிக்கு மேல சூரியன் முழுவவே முழுவாதாம். பச்ச தெரியணும்னா இருட்டு வேணுமாம்."

வெளியே ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அமாவாசைன்னு சொன்னீங்களா பாய் அவங்களாண்ட?" என்று கேட்டேன்.

"அமாவாசைன்னா சூரியன் இன்னா பண்ணும் அண்ணாத்தே?" என்றார் பாய் பரிதாபமாக.

மச்சான் அதுவரை அடக்கி வைத்திருந்தான். "மாமா, உன் கணக்கு கரெக்டுதான். நெலா லீவு. சூரியன் டபுள் டூட்டி." சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் மகளைக் கேட்டாள், "பச்ச எப்ப தெரியும்னு போட்டுக்கீது?"

"செப்டம்பர் பொறந்தா மறுபடி தெரியுமாம்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். என்ன எண்ணுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். "ஆறு ஊசி" என்றாள்.

"மே மாசமே போவலாம்" என்றேன். "நடுராத்திரில சூரியன். அதுவும் ஒரு அதிசயந்தானே?"

"சூரியன் இங்கியே தெனம் மண்டைய பொளக்குது. அத்த பாக்க நான் பிளேன் ஏறணுமா?"

செப்டம்பர் என்றால் தொழில் ஓடுகிற மாதம். நான் கரையில் இல்லாவிட்டால் டீசல், ஐஸ், ஏலம், ஆட்களுக்கு முன்பணம், எல்லாம் யார் பார்ப்பது? தொழில் நடக்கும்போது நான் ஊரைவிட்டுப் போனதே இல்லை. "நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க" என்று மகளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்வதற்குள் மனைவி சொன்னாள்:

"இருட்டுல எனக்கு படிக்கட்டே தெரில. ராத்திரில பாத்ரூம் போவ யாரு கையப் புடிச்சிக்கினு போறேன்? உன் கைய. அது இங்க ஐஸ் எண்ணிக்கினு இருந்தா நான் எப்டி பனில நடக்கறது?"

"போ மாமா" என்றான் மச்சான். "கடல்ல நான் பாத்துக்கறேன், கரையில என் பொண்டாட்டி பாத்துக்குவா. உன்னவிட நல்லாவே கத்துவா."

அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் நானே கேட்டேன். செப்டம்பர் வரைக்கும் இந்தக் கண் இருக்குமா? இருந்தாலும் இருட்டில் மங்கலாக வருகிற ஒரு பச்சை அதற்குத் தெரியுமா? டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இடது கண்ணுக்கு இன்றைக்கு நிறம் தெரிகிறது, சர்க்கரை ஏறாமல் இருந்து ஊசியும் தவறாமல் இருந்தால் தெரியலாம், எழுதிக் கொடுக்க முடியாது என்றார். 'தெரியலாம்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து அவள் டீயில் சர்க்கரை போடுவதில்லை. குடிக்கும்போது என்னைத் திட்டிக்கொண்டே குடிக்கிறாள். காலையில் எழுந்ததும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய காலண்டரில் சிவப்பு எது கறுப்பு எது என்று எனக்குச் சொல்கிறாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் மூச்சே விடுவதில்லை.

படகின் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதற்கென்று ஏலக்காரரிடம் வாங்கியிருந்த முன்பணம் கையில் இருந்தது. இன்ஜின் இந்த வருஷமும் தாங்கும் என்று மச்சான் சொன்னான். நடுக்கடலில் நின்றுபோனால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, முழுங்கிக்கொண்டேன். அந்த முன்பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு நானும் அவளும் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். தேதி மாற்றியதற்கு டிக்கெட்டில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். தன் கூலியைப் பாய் கேட்கவில்லை. செப்டம்பர் அமாவாசையை இந்தத் தடவை அவரே காலண்டரில் தேடிப் பார்த்து, ஹோட்டலுக்கும் எழுதிக் கேட்டு, இருட்டும் என்று பதில் வந்த பிறகுதான் பணத்தை வாங்கினார்.

"மேகம் வந்து மறைச்சிட்டா பாய்?" என்று கேட்டாள் என் மனைவி. என் கவலை அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

"மேகத்துக்கு நான் எங்கக்கா போவேன்? டிக்கெட்டுக்குதான் நான் பொறுப்பு. மிச்சத்த ஆடி முடியறதுக்குள்ள குடுத்துடுங்க, அதுக்கு மேல ஏர்லைன்காரன் டிக்கெட்ட நிறுத்தி வைக்க மாட்டான்."

தடை முடிந்து படகு கடலுக்குப் போய், முதல் மாதத்து மீன் நல்ல விலைக்குப் போனால் கொடுத்துவிடலாம். ஊசிக்கு ஒதுக்கியதைத் தொடக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். அது தனி. பாய்க்குத் தர வேண்டியது இன்னும் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.