பிரஷ்ஷில் ஒட்டிய நீலம்

அவளைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்பான் புருஷன். தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு பால் ஆடுகள், ஒரு கிடா. வெளியூரில் படிக்கும் மகள் பெரியவள். செல்ல வெள்ளாடு சின்னவள். மற்ற ஆடுகளுக்குத் தீவனம், சின்னவளுக்குச் சாப்பாடு. தினமும் அந்தி சாயும்போது குளியல் வேறு.

அந்தச் சின்னவளால்தான் இப்போது அவளுக்குக் கவலை. குட்டி போடவேண்டிய நாள் தாண்டி ஆறு நாளாகிவிட்டது. மடிகூட இறங்கவில்லை. நாலு மணிக்கு டாக்டர் வந்து வலி வர ஊசி போடுவதாக ஏற்பாடு. போடாவிட்டால் தாய் தங்காது என்றிருந்தார்.

மணி மூன்று. பம்பரம் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்தாள். பால் கேன் கழுவிக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்தான்.

“நீ நடக்கிற நடைக்கு உனக்குத்தான் முதல்ல வலி வரும்போல.”

“நாள் தப்பா இருந்தா? ஊசி போட்டா குட்டிங்க அரைகுறையா வந்து விழுமே!”

“நீதானே குறிச்சே?”

அவள்தான். கிடாவின் மார்பில் சாயம் பூசிவிடுவாள். அது சேர்ந்த ஆட்டின் பின்புறத்தில் சாயம் ஒட்டும். பார்த்து நாள் குறிப்பாள். முதல் மூன்று வாரம் மஞ்சள், அப்புறம் நீலம். மஞ்சளில் சினை பிடிக்காத ஆடு மூன்று வாரம் கழித்து மறுபடி கிடாவோடு சேரும், அதன் மேல் நீலமும் விழும். சின்னவள் மேல் மஞ்சளைத்தான் பார்த்தாள். நீலம் விழவில்லை. சத்தியமாக விழவில்லை.

டாக்டர் வருவதற்குள் சின்னவளைத் தேய்த்துவிடலாம் என்று அவளைக் குளிப்பாட்டும் பிரஷ்ஷை எடுத்தாள். வேறு எந்த ஆட்டின் மேலும் படாத பிரஷ். பகல் வெளிச்சத்தில் அதை இன்றுதான் பார்க்கிறாள். நார்களின் அடியில், கட்டையை ஒட்டி, நீலம்.

“ஏங்க!”

கேன் உருண்டது.

“நானே தேய்ச்சுக் கழுவியிருக்கேங்க. இருட்டுல தெரியல.”

அவன் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்போ மூணு வாரம் கூட்டிக்கோ. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. குளிக்காம அழுக்கா இருந்த ஆட்டுக்கெல்லாம் நாள் சரியா இருந்திருக்கு பாரு.”

அவள் போனை எடுத்தாள்.

“டாக்டர், வராதீங்க.”

“என்னம்மா, குட்டி போட்டுடுச்சா?”

“இல்ல. நாள் தப்பு.”

“நல்லாத் தெரியுமா? ஏதாவது ஆச்சுன்னா என்னைச் சொல்லக்கூடாது.”

“தெரியும்,” என்றாள்.

அந்தி சாய்ந்ததும் கை தன்னால் வாளிக்குப் போனது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். சின்னவளின் வயிற்றில் கை வைத்தபடி வாளிமேல் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு உதை.

“அடடே, உட்கார்ந்துட்டியே!” என்றான் புருஷன்.

“பதினஞ்சு நாளும் நிக்க முடியுமா?” என்றவள், அதற்குள் எழுந்து காலண்டரைப் பார்க்கப் போனாள்.