பச்சை மணல் கிரகம்

மேடையில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க ஒரு படக்கதைப் பக்கத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும் என்று அழைப்பு வந்ததிலிருந்து எப்படித் தட்டிக்கழிப்பது என்றே கலர்க்காரருக்கு யோசனை. விண்வெளிக் கதைகளுக்கென்றே ஒரு கண்காட்சியாம். பழைய காமிக்ஸ், சினிமா போஸ்டர், வீடியோ கேம் எல்லாம் வைக்கிறார்களாம். நடுக்கூடத்தில் இவருடைய பச்சை மணல் கிரகம், சுவர் அகலத்துக்கு.

சங்கதி என்னவென்றால், இந்த மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டுமே மங்கலான பழுப்பு. அட, முப்பது வருஷம் காமிக்ஸ் பத்திரிகைக்கு வண்ணம் போட்டவருக்கா என்று கேட்டால், அவருக்கேதான்! நீச்சல் தெரியாதவன் படகோட்டிப் பிழைத்த கதை.

பிழைக்க வைத்தவள் மனைவி. கல்யாணமான மூன்றாம் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். பச்சைப் புடவை கட்டியிருந்தவளைப் பார்த்து, "இந்தச் சிவப்பு உனக்கு எடுப்பா இருக்கு" என்று மெச்சினால் எவளுக்குத்தான் தெரியாது?

"வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்" என்றார்.

"யாரு சொல்லப்போறா?" என்றாள்.

மறுநாளிலிருந்து அவளே வண்ணம் கரைத்து வைத்தாள். பன்னிரண்டு கிண்ணம், வரிசையாக. இடது கோடியில் மஞ்சள், நாலாவது சிவப்பு, ஐந்தாவது பச்சை. முதலில் சீட்டு எழுதித்தான் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்த பத்திரிகை ஆபீஸ் பைண்டர், "ஏன் சார், எழுதி வெச்சாத்தான் சிவப்புன்னு தெரியுமா?" என்று சிரித்தார். அன்றே கிழித்தாயிற்று. அதற்குப் பிறகு எண்ணிக்கைதான். இவர் கை தவறிப் போனால், துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் முணுமுணுப்பாள்: "பக்கத்துல." அவ்வளவுதான், தூரிகை நகர்ந்துவிடும்.

மகள் பிறந்த அன்றைக்கு வந்தது வினை. கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டுத்தான், "ஏங்க, வலி எடுத்துடுச்சு" என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இவர் வீட்டுக்கு ஓடி வந்தால், மாமியார் மேசையைத் துடைத்து, கிண்ணங்களைத் திரும்ப அடுக்கையில் நாலையும் ஐந்தையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். மகராசி, அப்படி ஒரு சுத்தக்காரி! இவருக்கு அது எப்படித் தெரியும்? சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். செக்கச்செவேலென்றிருக்கும் மணல் கிரகத்தில் விண்கப்பல் இறங்கும் காட்சி. எண்ணினார், மணலுக்கு நாலாவதைத் தொட்டார், செடிக்கு ஐந்தாவதை, போட்டார்.

இதழ் வந்தது. மணல் பசேலென்று கிடக்கிறது, செடியெல்லாம் ரத்தச் சிவப்பு. முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் கதைக்காரர் ஓடி வந்து இவரைக் கட்டிக்கொண்டார்.

"வேற கிரகம்னா வேற மாதிரிதானே இருக்கணும்? எழுதின எனக்கே தோணாமப் போச்சேய்யா! எப்படிய்யா பிடிச்சே?"

"சும்மா... கற்பனைதான்" என்றார் இவர். வாசகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பொய் அப்படியே நிலைத்துவிட்டது.

மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இதழைப் பிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. இனிமே இந்தக் கிரகம் வர்றப்ப நாலையும் அஞ்சையும் நானே மாத்தி வெச்சிடறேன்."

தொடர் நாலு வருஷம் ஓடியது. என்ன நாட்கள் அவை! சன்னலோர மேசை, ஈர வண்ணத்தின் வாசம், காலடியில் தவழ்ந்து தூரிகையைப் பிடுங்கும் மகள், பின்னாலிருந்து அந்த "பக்கத்துல". அதில் ஒரே ஒரு காலைப்பொழுது திரும்பக் கிடைக்குமென்றால், மிச்ச ஆயுளைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனி கிண்ணம் வைக்க யார்? ஊர் முன்னால் தப்பான கிண்ணத்தில் கை வைத்தால் மானம் கப்பலேறிவிடும்.

"நான் வரலைன்னு சொல்லிடும்மா" என்றார் மகளிடம்.

"ஏன்ப்பா?"

"கை நடுங்குது."

"பேப்பர் புரட்டறப்ப நடுங்கலையே!"

அம்மாவுக்குத் தப்பாத பெண். பிடித்தால் விட மாட்டாள். காரில் ஏற்றிக்கொண்டே போய்விட்டாள்.

மேடையில் பன்னிரண்டு கிண்ணங்கள் இருந்தன. இடது கோடியில் இருந்தது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மஞ்சள். அவள் வைக்கிற அதே இடம்.

"யாரு அடுக்கினது?" என்று கேட்டார், மெதுவாக.

"நான்தான். நாலாவது சிவப்பு, அஞ்சாவது பச்சை. அஞ்சு வயசுலயே அம்மா சொல்லிக் கொடுத்துட்டா. அப்பாகிட்டக் காட்டிக்காதேன்னும் சொன்னா."

முப்பது வருஷமாகத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள், கள்ளி.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். "சார், நான் கேம் டிசைனர். உங்க பச்சை மணலைப் பார்த்துதான் இந்த வேலைக்கே வந்தேன். அது எப்படி சார் தோணிச்சு?"

கற்பனை என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. கிண்ணங்களைப் பார்த்தார். இனி எந்த வேலை போகப்போகிறது? அவளுக்குச் சேர வேண்டிய பெயரை எத்தனை காலம்தான் இவரே வைத்துக்கொள்வது?

"தோணலைம்மா. தப்பாப் போட்டுட்டேன்" என்றார். "எனக்குச் சிவப்பு, பச்சை ரெண்டும் தெரியாது. என் வீட்டுக்காரிதான் கிண்ணத்தை வரிசையா வெப்பா, நான் எண்ணிப் போடுவேன். அன்னிக்கு வரிசை மாறிப் போச்சு. அப்புறம் அதையே அவதான் காப்பாத்தினா. இத்தனை பேரு அந்தக் கிரகத்தைப் பார்த்திருக்கீங்க. நான் ஒருத்தன்தான் பார்த்ததில்லை."

யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லாமல் தூரிகையை எடுத்தார். மணலுக்குப் பச்சை. இந்தக் கிரகத்துக்கு அவள் மாற்றி வைப்பாளே, அந்த ஞாபகத்தில் கை தானாக நாலாவது கிண்ணத்துக்குப் போயிற்று.

மகள் மைக்குக்கு முன்னால் குனிந்தாள். கடைசி வரிசைவரை கேட்டது.

"அதில்லப்பா. பக்கத்துல."