மதினியின் குரலில் பேசிய வேற்றுக்கிரகவாசி

எங்கள் எஸ்டேட் கிளப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் போடுவார்கள். ஜன்னல்களில் சாக்குக் கட்டினால் தியேட்டர் தயார். பெரும்பாலும் இங்கிலீஷ் படங்கள். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் அந்த வேலை எனக்கு வந்தது. பத்தாவது பாஸ் செய்திருந்தேன், வாயும் கொஞ்சம் நீளம். படத்தில் பேசுவதில் பாதி எனக்கே புரியாது. புரியாத இடத்தில் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவேன். ஜனம் அதற்குத்தான் கைதட்டியது.

அந்த வருஷம்தான் அண்ணனுக்குக் கல்யாணமாகி, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து மதினி மூணாறு மலைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். அண்ணன் அதிகம் பேசாதவர். கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடம்தான் கேட்பாள். வந்த மறுநாள் காலை மூடுபனியைப் பார்த்துப் பதறினாள்.

"தம்பி, மலை பூரா பொகையுதே, ஆரும் அணைக்க மாட்டாகளா?"

இன்னொரு நாள், இடுப்பு உயரத்துக்கு மேல் விடாமல் வெட்டி நிறுத்தியிருந்த தேயிலையைக் காட்டி, "இம்புட்டுச் செடியில ஒண்ணையாச்சும் வளர விடமாட்டாகளா?" என்றாள். நான் சிரிக்காமல் பதில் சொன்னேன். அந்த மலையில் அவளுக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த மாதம் ஒரு சிரிப்புப் படம் வந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து மூன்று பேர் பறக்கும் தட்டில் வந்து ஒரு பண்ணையில் இறங்குகிறார்கள். பசுமாட்டை ஊர்த்தலைவர் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். தலையில் கம்பி முளைத்த குள்ளன் ஒருவன் தூரத்து மலையைப் பார்த்து ஏதோ கேட்டான். என்ன கேட்டானோ. என் நாக்கில் சனி. மதினியின் குரலிலேயே, "தம்பி, மலை பூரா பொகையுதே, ஆரும் அணைக்க மாட்டாகளா?" என்றேன்.

கிளப்பே அதிர்ந்தது. அத்தோடு விட்டேனா? செடியையும் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் குரலைக் கண்டுபிடித்துத் திரும்பி மதினியைப் பார்த்தார்கள். அதுவரை அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடியவள், படம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அவளைக் கண்டால் "பொகையுதே" என்று கத்தின. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு தமாஷைத் தாங்க முடியாதா என்று எனக்குத்தான் கோபம்!

ஒரு வாரம் கழித்து, பனி கண்ணை மறைத்த ஒரு காலையில் ஃபேக்டரி வாசலில் நின்றிருந்தேன். மதினி கொழுந்துக் கூடையோடு தனியாக வந்தாள். மற்ற பெண்கள் முன்னாலேயே, அன்று கொழுந்து கிள்ள வேண்டிய புதுக் காட்டுக்குப் போய்விட்டார்கள். பாதை பிரியும் இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு இடதுபக்கம் இறங்கினாள். அது ஓடைக்குப் போகிற வழி. எனக்குத் தெரியும். அவளே கேட்கட்டும் என்று வீம்பாக நின்றேன்.

மத்தியானம் அண்ணன் தேடிப்போய் அவளை முதுகில் சுமந்துவந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது, கால் முழுக்க அட்டை.

"வழியில ஆருகிட்டயாச்சும் கேக்கக் கூடாதா?" என்று அண்ணன் சத்தம் போட்டார்.

"ஆரும் இல்ல" என்றாள் மதினி. என் பக்கம் திரும்பவே இல்லை.

அட்டைகள் மேல் உப்புப் போட்டது நான்தான். அதற்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை. என் கல்யாணம்வரை அவள் கையால்தான் சாப்பிட்டேன். ஒரு நாளும் குறை வைத்ததில்லை. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், சாப்பிடுகிறாயா என்றுகூட என்னிடம் கேட்க மாட்டாள்.

"சோறு இருக்கு" என்பாள், அவ்வளவுதான்.