ரெஜிஸ் கொண்டுபோன தட்டு

எங்கள் ஊருக்கு அடியில் ஓடுகிற அந்தப் பெரிய இயந்திரம் நன்றாக இருக்கிறதா, படுத்துவிட்டதா என்பது ஜெனீவா பத்திரிகைக்காரர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். நான் விஞ்ஞானி இல்லை, ரொட்டிக் கடைக்காரி. கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "ஒதில், ஒரு பெரிய தட்டு குரோசான்" என்று பிறை வடிவ வெண்ணெய் ரொட்டி கேட்டால், முந்தின நாள் அவருடைய பிரிவு எதையோ கெடுத்துவிட்டது என்று அர்த்தம்.

அது அவர்கள் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் தினமும் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். மலையடிவாரம் முழுக்க வளைந்து போகிற சுரங்கக் குழாய்க்குள் இரண்டு அணுத்துகள் கற்றைகளை எதிரெதிராக ஓடவிட்டு மோத வைக்கிறார்கள். எங்காவது சின்னத் தகராறு என்றாலும் இயந்திரம் தானாகவே கற்றையை வெளியே தள்ளிவிட்டு நின்றுவிடும். மறுபடி ஏற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை நாள் போய்விடும். அந்த நின்ற நேரம் யாராவது ஒரு பிரிவின் தலையில் விழ வேண்டும். காந்தக்காரர்கள், குளிர்காரர்கள், மின்சாரக்காரர்கள், வெற்றிடக்காரர்கள் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்து, திரையில் வட்டப் படம் போட்டுக் காட்டுவார்கள். யார் தலையில் விழுகிறதோ அவர்கள் மறுநாள் எல்லோருக்கும் குரோசான் வாங்கிவர வேண்டும். எங்கள் கடைக் குரோசானுக்காகவே சிலர் இயந்திரம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்வதாக என் கணவர் சொல்வார். அவர் சுட்டது, அவர் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை வருடங்களில் அந்தத் தட்டை வாங்காத ஒரே ஆள் ரெஜிஸ். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். சுரங்கம் தோண்டவந்தபோது, என் மாடுகளுக்கு அடியில் குடைகிறான்கள் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அவருடைய அப்பா. அந்த மனிதரின் மகன் அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, காந்தங்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஆளானார். அப்பா சாகும்வரை அவரை "எலி" என்றுதான் கூப்பிட்டார். ரெஜிஸ் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

பெருமை அவருக்கு எதில்தான் இல்லை! ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னால் இரும்புக் குண்டு உருட்டி விளையாடும்போது, யாருடைய குண்டு குறிக்குக் கிட்டே என்று அளக்க வேறு யாரையும் விடமாட்டார். "என் கண்ணு போதும்" என்பார். தினமும் காலையில் என் கடைக்கு வந்து ஒரே ஒரு குரோசான், தனக்கு மட்டும், வாங்கிக் கிரீடம் அச்சடித்த எங்கள் காகிதப் பையில் போட்டுக்கொண்டு போவார். பக்கத்தில் யாராவது பெரிய தட்டோடு நின்றால் போச்சு. "என்னப்பா, இன்னிக்கு உங்க முறையா? நான் இந்த ஜென்மத்துல தட்டு தூக்கினதில்ல, தெரியுமா? நான் மூடின குழாய் கல்யாண மோதிரம் மாதிரி இருக்கும்!" என்பார். கடையே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன்.

அந்த வருடம் குளிர்காலப் பராமரிப்பு நிறுத்தம் முடிந்து இயந்திரத்தை மறுபடி ஓட்டியபோதே சனி பிடித்தது. கற்றையின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், விழுந்து நின்றது. கடுங்குளிரில் வைத்திருக்கும் குழாய்க்குள் கொஞ்சம் காற்று தங்கி உறைந்திருக்க வேண்டும் என்றார்கள். காற்றை உறிஞ்சி எடுப்பது வெற்றிடக்காரர்களின் வேலை. அந்த இடத்தை உறிஞ்சி முடித்து, கடைசியாகச் சரி என்று சொன்னவன் தாமியானோ. இத்தாலியப் பையன், தற்காலிக வேலையில் இருந்தான். அடுத்த வசந்தத்தில் நிரந்தரமாகும் என்று காத்திருந்தான்.

கோடை முழுக்க அவன் தட்டு தூக்கினான். இயந்திரம் நொண்டிக்கொண்டே ஓடியது. பலத்தைக் குறைத்தால் ஓடும், கூட்டினால் விழும். வெளிநாட்டிலிருந்து அளவுகளுக்காகக் காத்திருந்தவர்கள் கரித்துக்கொட்டினார்கள். வட்டப் படத்தில் வெற்றிடக்காரர்களின் பச்சை நாளுக்கு நாள் வீங்கியது. தாமியானோ என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். "அதேதான், மதாம்" என்பான், அவ்வளவுதான். வரிசையில் நிற்கும் ரெஜிஸ் விடமாட்டார்.

"வாப்பா, வா! உன் புண்ணியத்துல எனக்குத் தொப்பை போட்டுடுச்சு. நாளைக்குக் கொஞ்சம் பாதாம் வச்சதா வாங்கு, என்ன?"

தாமியானோ சிரிப்பான். காது மட்டும் சிவந்துவிடும்.

அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பகுதியைச் சூடாக்கி, குழாயைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தது காற்றில்லை. கருகின ஒரு காகிதத் துண்டு, அதில் பாதிக் கிரீடம். கூட்டத்தில் அதைத் திரை அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டுக் காட்டினார்களாம். எங்கள் கடைப் பை! கோடை முழுக்க அந்தப் பையும் தட்டுமாக வந்தவன் தாமியானோதானே. சுரங்கத்துக்குள் தின்னக் கூடாது என்பது அங்கே முதல் விதி. யாரோ ஒருவர், "தாமியானோ, உள்ளேயும் சப்ளை பண்ணியா?" என்று கேட்க, கூட்டமே விழுந்து விழுந்து சிரித்ததாம். ரெஜிஸும் சிரித்தார்.

அன்று மதியம் கடைக்கு வந்த ஒருவர் இதைச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் ரெஜிஸைப் பார்த்ததும் நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பார்த்தீங்களா, பூமிக்கு அடியில கூட எங்க விளம்பரம்தான்!" என்றேன். மனிதரின் முகம் செத்துப்போனது. குரோசானை வாங்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. என்ன குறை வைத்தோம்? ஒருநாள் பேரங்காடியில் அவரைப் பிடித்துவிட்டேன். வண்டியில் பிளாஸ்டிக் உறை போட்ட சதுர ரொட்டி! என் கண்ணெதிரே!

"ரெஜிஸ், செத்துப்போன ரொட்டிய வாங்கித் தின்ற அளவுக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து வெளியே, வண்டி நிறுத்துமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"அது என்னோடது, ஒதில்."

"எது?"

"அந்தப் பைத் துண்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குழாயத் திறந்து போட்டா தூசு போகும்னு வாயில பிளாஸ்டிக் மூடி போடுவோம். எண்ணிப் போடுவோம், எண்ணி எடுப்போம். போன குளிர்காலத்துல ஒரு மூடி லொடலொடன்னு ஆடுச்சு. வேற மூடி வாங்கணும்னா மேல ஏறிப் போகணும். சோம்பல் பட்டேன். சட்டைப் பையில உன் கடைப் பை இருந்துச்சு. ஒரு துண்டு கிழிச்சு, மடிச்சு, சந்துல சொருகினேன். கல்லு மாதிரி நின்னுச்சு. நானே என்னை மெச்சிக்கிட்டு சாப்பிடப் போனேன். வந்து மூடிய எடுத்தேன், எண்ணினேன். கணக்கு சரியா இருந்துச்சு. காகிதத்த யாரு எண்ணுவா?"

"மூடறதுக்கு முன்னாடி விளக்கடிச்சு உள்ள பார்ப்பேன்னு ஊரெல்லாம் சொல்வீங்களே?"

"பாத்தேன். பாத்தேன்னு நெனைக்கிறேன்." செருப்பால் ஈரத் தரையைத் தேய்த்தார். "நான் மூடற எடத்துல என்ன இருந்துடப் போகுதுன்னு ஒரு திமிரு."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? கோடை பூரா அவன் வாங்கிட்டு வந்தத நான்தான் முதல்ல எடுத்துத் தின்னேன். தின்னுட்டு நக்கல் அடிச்சேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? இன்னும் கொஞ்ச நாள்ல ஓய்வு. எல்லாரும் வந்து கை குலுக்கி, ரெஜிஸ் ஒரு குறை வச்சதில்லன்னு..."

"அந்தப் பையன் வேலை?"

"அவனுக்கு வயசு இருக்கு, ஒதில். வேற கிடைக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவரே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் திட்ட வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டேன். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே பொறுக்கவில்லை. அதற்கு மேல் நான் என்ன திட்டுவது?

ஆனாலும் அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. அவர் கடைக்கு வருவதில்லை, நான் பேசுவதில்லை. நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "அவர் செய்ததை நீ சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டுவிட்டு மாவு பிசையப் போய்விட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு ஒரு மாலையில் தாமியானோ வந்தான். வழக்கத்தைவிடப் பெரிய தட்டாகக் கேட்டான்.

"மறுபடியும் விழுந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல, மதாம். நாளைக்கு எனக்குக் கடைசிக் கூட்டம். ஊருக்குப் போறேன். துரின் பக்கத்துல மருந்துத் தொழிற்சாலையில வேலை."

"அந்த நிரந்தர வேலை?"

"நானே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

சுட்டு வைக்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு, கடையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, நேராக ரெஜிஸ் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை, மாவோடு போனேன். சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு தாமியானோ போறான். போறப்பவும் அவன்தான் தட்டு தூக்கறான். அந்தத் தட்டு யாரோடது, ரெஜிஸ்?"

கரண்டியைக் கீழே வைத்தார். சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"நீயும் வருவியா?" என்றார் கடைசியில். "தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வருகிறேன் என்றேன்.

காலையில் தாமியானோ வருவதற்கு முன்பே ரெஜிஸ் வந்து தட்டைத் தூக்கிக்கொண்டார். வாசல் காவலரிடம் எனக்கு விருந்தாளி அட்டை வாங்கினார். கூட்ட அறையில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிற மாரித் என்ற நார்வேக்காரி எங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். தாமியானோ என் கடையில் தட்டு இல்லை என்று வெறுங்கையோடு வந்து சேர்ந்தபோது, ரெஜிஸ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"இன்னிக்கு என் முறை," என்றார். தட்டை மேசையில் வைத்தார். "போன குளிர்காலத்துலேர்ந்தே என் முறைதான். அந்தக் காகிதத்த நான்தான் சொருகினேன். மூடி ஆடுச்சுன்னு. எடுக்க மறந்துட்டேன். படத்தப் போட்டப்பவே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல."

மாரித் முதலில் பேசினாள். அன்பாகவே பேசினாள், அதுதான் கொடுமை.

"சரி, ரெஜிஸ். யாருக்கும் நடக்கறதுதான். மூடிக்கு ஒரு புது விதி போட்டுடலாம்." இரண்டு விசையைத் தட்டினாள். திரையில் வெற்றிடக்காரர்களின் பச்சை சட்டென்று வற்றி, ரெஜிஸின் பிரிவான இணைப்புக்காரர்களின் நீலம் உப்பியது. அவ்வளவுதான். எதற்குப் பயந்து ஒரு பையனைப் பலி கொடுத்தாரோ அது அந்த அளவுதான்.

ரெஜிஸ் தாமியானோ பக்கம் திரும்பினார். "உன்கிட்ட..."

"எனக்குத் தெரியும்," என்றான் தாமியானோ.

"என்ன தெரியும்?"

"நீங்க பையக் கிழிச்சுச் சொருகினதப் பாத்தேன். பம்ப்பத் தள்ளிக்கிட்டு அந்தப் பக்கமாத்தான் வந்தேன். ரெஜிஸாச்சே, எடுக்காமலா விடுவார்னு போயிட்டேன்." அவன் குரலில் கோபமே இல்லை. "காத்துதான்னு எல்லாரும் சொன்னப்ப நானும் காத்துதான்னு நம்பினேன். என் தப்புன்னே நம்பித்தான் வாங்கிட்டு வந்தேன். திரையில அந்தக் கிரீடத்தப் பாத்ததும் உங்களத்தான் பாத்தேன்."

"ஏன்டா சொல்லல? அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"உங்க பேருக்கு முன்னாடி என் பேச்ச யாரு நம்புவா? நீங்களே சொல்வீங்கன்னு காத்திருந்தேன்." அவரை நேராகப் பார்த்தான். "நீங்க சிரிச்சீங்க. அன்னிக்குத்தான் துரினுக்கு எழுதிப் போட்டேன்."

பிறகு தட்டிலிருந்து ஒரு குரோசானை எடுத்துக் கடித்தான். தட்டை ரெஜிஸ் பக்கம் நகர்த்தினான். குத்திக்காட்டுவதற்காக இல்லை. அங்கே தட்டு அப்படித்தான் கை மாறும். ரெஜிஸ் கையை நீட்டினார், நீட்டின கை தட்டுக்கு மேலேயே நின்றது, திரும்பிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே கூசியது. ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரெஜிஸ் ஓய்வு பெற்று இப்போது சில வருடங்கள் ஆகின்றன. கை குலுக்க எல்லோரும் வந்தார்கள், நல்ல வார்த்தைகள் சொன்னார்கள், அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. குண்டு விளையாட்டில் இப்போது மற்றவர்களை அளக்கச் சொல்கிறார். என் கடைக்குத் தினமும் வருகிறார். குரோசான் வாங்குவதில்லை, ஒரு நீள ரொட்டி மட்டும்தான். நான் வழக்கம் போல அதன் இடுப்பில் கிரீடம் போட்ட காகிதத்தைச் சுற்றப் போனால் தடுத்துவிடுவார்.

"காகிதம் வேண்டாம், ஒதில். அப்படியே குடு."

நானும் அப்படியே கொடுக்கிறேன். மழை பெய்தாலும் அப்படியே வெறுங்கையில் பிடித்துக்கொண்டு, நனைந்த ரொட்டியோடு வீட்டுக்கு நடக்கிறார்.