அசையாத காரில் ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்துக்குப் போகும்போது தம்முடைய கறுப்புக் காரின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இலங்கை மலைநாட்டில் அறுபதுகளின் தொடக்கம் அது. உடம்பு முடியாமல் போனவர். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அவருடைய இடத்துக்கு வந்தவரிடம் சொந்த ஜீப் இருந்தது. நான் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் என்று பெயர். துரை சொன்னது இரண்டே விஷயம்: ஞாயிறுதோறும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும், அவர் எழுதும்வரை கார் வெளியே போகக் கூடாது.

பங்களாவுக்குப் பின்னால் சைப்பிரஸ் மரங்களின் கீழே இருந்தது கராஜ். காலை எட்டரைக்குக் கதவைத் திறப்பேன். முதலில் புகைக்குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்ப்பேன். குளவி மண்கூடு கட்டியிருக்கும். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர், எஞ்சினுக்கு எண்ணெய், டயர்களுக்குக் காற்று. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி மூன்று சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும், மழைக்காலத்தில் ஏழு. பத்து நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டுக் கழுவுவேன். சக்கரத்தின் இடுக்கில் தூசிகூட விடமாட்டேன். கழுவி முடித்த ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து இறுக்கி, நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் டயரியில் எழுதுவேன். மலைச்சரிவில் வாழ்கிறவனுக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் உருண்டுவிடுமோ என்ற பயம்தான் முதலில் வரும்.

இரண்டாவது மாதத்திலிருந்து என் மனைவியும் வரத் தொடங்கினாள். எஞ்சின் ஓடும் பத்து நிமிடமும் பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கராஜ் வாசலில் மூடுபனி ஏறி வந்து நிற்கும். சைப்பிரஸ் மரங்கள் ஒவ்வொன்றாக மறையும். வண்டி மெல்ல நடுங்கிக்கொண்டிருக்க, மறைவது மரங்களா, நகர்வது நாங்களா என்று எனக்கே சில சமயம் மயங்கும். அவள் வழி சொல்லிக்கொண்டே வருவாள். இப்போது அட்டன் தாண்டிவிட்டோம், இது நோர்வூட் பாலம், இதோ பொகவந்தலாவைக் கடைத்தெரு, சாயபு கடை வாசலில் புடவை தொங்குகிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்பாள். நான் நிறுத்துவேன். அதாவது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பேன்.

பொகவந்தலாவையில் அவளுடைய அக்கா இருந்தாள். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம். அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தப் பயணத்தைச் சொல்லிச் சிரிப்பாள். "ஏன்டி, நேத்தும் எங்க வீட்டு வாசல்வரைக்கும் வந்துட்டு எறங்காமப் போயிட்டீங்களாமே?"

இப்படி மூன்று வருடம் போயிற்று. பிறகு ஒரு கடிதம் வந்தது. அக்கா குடும்பத்தின் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, இந்தியாவுக்குப் போகக் காகிதம் வந்துவிட்டது. அக்கா பிறந்தது பொகவந்தலாவைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இந்தியாவை அவள் கண்டதில்லை. வியாழக்கிழமை காலை அட்டனில் ரயில் ஏறுகிறார்கள். வண்டி பத்து இருபதுக்கு றொசல்ல ஸ்டேஷனில் நிற்கும். ஒரு நிமிடம்தான். பெட்டியின் வலது பக்க ஜன்னலில் இருப்பேன், வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று எழுதியிருந்தாள்.

எங்கள் தோட்டத்திலிருந்து றொசல்ல நாலு மைல் இறக்கம். மற்ற நாளாக இருந்தால் அவள் நடந்தே போயிருப்பாள். ஆனால் அதற்கு முந்தின மாதம் படியில் வழுக்கி, கணுக்கால் எலும்பு முறிந்து, காலில் மாவுக்கட்டு. படுத்தபடியே அக்காவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருந்தாள். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு கொழும்புக்குப் போயிருந்தது. புதுத் துரையும் ஜீப்போடு வெளியூர் போயிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம், பின்னுவதை நிறுத்தாமலே கேட்டாள். "ஏங்க, அந்தக் காரு ஓடுந்தானே?"

"ஓடும்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உடனே உட்கார்ந்து துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாளைக்குக் காரை வெளியே எடுக்கிறேன், காரணம் இது என்று எழுதினேன். எடுக்கலாமா என்று கேட்கவில்லை.

மறுநாள் எட்டரை மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். காலைத் தலையணைமேல் நீட்டி, கம்பளிச் சட்டையைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. கற்களை எடுத்தேன், பிரேக்கைத் தளர்த்தினேன், கியரைப் போட்டேன். கார் முன்பக்கம் எழும்பி அப்படியே நின்றது. மறுபடியும் போட்டேன். எஞ்சின் அணைந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த பங்களாச் சமையல்காரர் ஒரு காலத்தில் லொறிக் கிளீனராக இருந்தவர். குனிந்து பின் சக்கரங்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "கிளாக்கர் ஐயா, எஞ்சினுக்கு வாராவாரம் சோறு போட்டீங்க. காலை ஒருநாளாவது நடக்க விட்டீங்களா? குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் கட்டி வச்சிருக்கீங்க. உள்ள பிரேக்கு துரு புடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கு."

மூன்று வருடம் ஒவ்வொரு ஞாயிறும் ஈரத்தோடு பிரேக்கை இறுக்கியவன் நான்தான். வெளியே போகக் கூடாது என்றாரே தவிர, கராஜுக்குள் ஓரடி முன்னும் பின்னும் உருட்டக் கூடாது என்று துரை சொல்லவில்லை. எனக்குத்தான் அது தோன்றவில்லை.

பின் சீட்டில் அவள் மடியிலிருந்த பொட்டலத்தின் மடிப்புகளைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சமையல்காரர் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்து பின் சக்கரங்களில் ஊற்றினார். பக்கத்து மலையில் புல்வெட்டிக்கொண்டிருந்த ஆறு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் காரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட, அவர் மரச்சுத்தியலால் சக்கரத்தைச் சுற்றித் தட்டினார். தொட்டில் ஆடுகிற மாதிரி அவள் உள்ளே ஆடிக்கொண்டிருந்தாள். ஒன்பது இருபதுக்கு இடது சக்கரம் படீரென்று விட்டது. வலது சக்கரம் விட்டபோது ஒன்பது ஐம்பது.

பனிக்குள் இறங்கினோம். ஒரே இடத்தில் நின்று தட்டையான டயர்கள் டொக் டொக்கென்று தட்டின. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கூடைகள் தலையும் உடம்பும் இல்லாமல் வெள்ளையில் மிதந்து ஒதுங்கின. இந்தத் தடவை அவள் வழி சொல்லவில்லை. கண்ணையும் மூடவில்லை.

றொசல்ல மேடைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போதே வண்டி வந்துவிட்டது. நாலாவது பெட்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை அசைந்தது. நான் அவளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். இரண்டு பேரும் அழவில்லை. அக்கா முதலில் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தாள். இவள் பொட்டலத்தை நீட்டினாள்.

அக்கா பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அடி கூறுகெட்டவளே, திருச்சிப் பக்கம் நெருப்பா வெயில் அடிக்குமாம். இத எங்க போட்டுக்கிறது?"

இவளுக்கு அது தோன்றவேயில்லை. எனக்கும்தான். வெயில் என்றால் பனி விலகுவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். "காலையில குளிராதாக்கா?" என்றாள்.

"குளிரும், குளிரும்" என்று அக்கா அந்தச் சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டாள். பொத்தான் மாட்டும்போது வண்டி நகர்ந்தது.

காருக்குத் திரும்பியதும் வீட்டுக்குத் திருப்பப் போனேன். அவள் என் தோளைத் தொட்டு, வட்டவளைப் பக்கம் கொஞ்சம் போகச் சொன்னாள். ஒன்றரை மைல் தள்ளி, பாதை தண்டவாளத்துக்கு மேலே வளைகிற இடத்தில் நிறுத்தினேன். பனி ஒரு பக்கம் கிழிந்தது. கீழே, மலையைச் சுற்றி ரயில் தீப்பெட்டிகளைக் கோத்தாற்போலப் போய்க்கொண்டிருந்தது. எது நாலாவது பெட்டி என்று அங்கிருந்து எண்ண முடியவில்லை. அவள் எல்லாப் பெட்டிகளுக்கும் கை காட்டினாள்.