மழைத்தண்ணி போற வழி

ஏழுமலை மேஸ்திரி இறந்த செய்தி வந்தபோது நான் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி என்று அவர் தம்பி போனில் சொன்னார். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! யார் பேச்சைக் கேட்டார் அந்த மனிதர்?

நம் இரும்பு ஆலையில் கட்டட வேலை முழுக்க அவர் பொறுப்பு. சிமெண்ட் கொடுக்கும் ஸ்டோர் என் பொறுப்பு. ஒரு மூட்டை குறைந்தாலும் அவர் கத்துவார், நானும் விடமாட்டேன். அந்தச் சண்டையை உங்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

ஒருநாள் பெட்டியைக் கட்டியிருந்த தகரப்பட்டி என் கையைக் கிழித்துவிட்டது. ஓடி வந்தவர், பின்மதில் விரிசலில் முளைத்திருந்த வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கி, காயத்தில் சாறு பிழிந்தார். உயிர் போகும் எரிச்சல். "இது நம்ம திருப்திக்குத்தாம்மா. போய் ஊசி போட்டுக்கோ" என்று சொல்லி, முதலுதவி அறைவரை கூடவே வந்தார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் மதிலைப் பூசி வெள்ளை அடிப்பது நம் வழக்கம். ஒரு வருடம் புதிதாக வந்த மேலாளர், அந்தச் செடியைப் பிடுங்கி விரிசலை அடைக்கச் சொன்னார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சார், அது மழைத்தண்ணி போற வழி. அடைச்சா செவுரு சாஞ்சிடும்."

அங்கே தண்ணீர் நின்று நான் பார்த்ததே இல்லை. மேலாளர் நம்பிவிட்டார். ஏன் இந்தப் பொய் என்று பிறகு கேட்டேன்.

"இன்னாமா பண்றது? நம்ம கையால எல்லாத்தியும் அடைச்சாச்சு. அது ஒண்ணு பொழைச்சுக்கினு போவட்டும்."

அன்று சாயங்காலம் ஈரத்துணியோடு குந்தி, இலைகளில் தெறித்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு பேஜாரு பண்ணுகிறது என்று செடிக்குத் திட்டு வேறு. அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதே கூத்துதான்.

காரியம் முடிந்த கையோடு இந்த வருட வெள்ளையடிப்பு தொடங்கியது. வேறு மேஸ்திரி. கரண்டி நிறையக் கலவையோடு விரிசல் முன்னால் நின்று, இதையும் அடைத்துவிடலாமா மேடம் என்று கேட்டார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அது மழைத்தண்ணி போற வழிப்பா. அடைச்சா செவுரு சாஞ்சிடும்."

அவரும் நம்பி நகர்ந்துவிட்டார்.

ஏழுமலை மேஸ்திரியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்தப் பொய்யும் ஒரு ஈரத்துணியும்தான். சாயங்காலம் மதிலடியில் உட்கார்ந்து இலை இலையாகத் துடைத்தேன். அவரைப் போலவே செடியைத் திட்டினேன். அழுகை அப்போதுதான் வந்தது.